தேசிக்காய் பட்ட சிவப்பு

மீன்பிடிக் கிராமமான பேசாலையில் பிறந்த ஒருத்திக்கு மீனின் வெடில் நாற்றம் ஒரு பிரச்சினையே அல்ல. கையில் பட்டால் தேசிக்காய், சட்டியில் பட்டால் தேசிக்காய், சேலையில் பட்டாலும் தேசிக்காய். இத்தாலியில், பலெர்மோவின் எலுமிச்சம்பழம் ஊர்த் தேசிக்காயைவிட இரண்டு மடங்கு பெரிது. இங்கே வந்து இருபது வருடமாகியும் கிளறாவுக்கு அதுவும் தேசிக்காய்தான்.

ஆகவே அந்தப் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, பக்கத்து மீன்கடைத் தொத்தோ சாளைப் பெட்டி கழுவிய தண்ணீரை வீதியில் வீசி, அது கிளறாவின் தையல் கடை வாசல் கம்பியில் தொங்கிய சிவப்புக் கம்பளத்தின் கீழ்மூலையை நனைத்தபோது, கிளறா அதிகம் யோசிக்கவில்லை. தொத்தோவை வாய்க்கு வந்தபடி ஏசினாள். கம்பளத்தை உள்ளே இழுத்து மேசையில் விரித்தாள். இரண்டு எலுமிச்சம்பழத்தை வெட்டி, நனைந்த இடமெல்லாம் பிழிந்து, தோலாலேயே தேய்த்தாள். செதில் போயிற்று. வெடிலும் போயிற்று. மூக்கை வைத்து முகர்ந்து பார்த்து, கெட்டிக்காரி என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

கம்பளம் அவளுடையதல்ல. செனைதாவுடையது.

செனைதா மெக்சிக்கோவின் ஒஹாக்கா மலைப்பக்கத்தில் இருந்து வந்தவள். சப்போத்தெக்கு என்று ஓர் இனம். வீட்டில் பேசும் மொழியும் அதுதான், ஸ்பானியம் பள்ளிக்கூடத்தில் படித்தது. அவளுடைய ஊரில் வீட்டுக்கு ஒரு தறி இருக்கிறது. ஆனால் தறியில் ஆண்கள்தான் இருப்பார்கள். பெண்கள் கம்பளி கழுவுவார்கள், வாருவார்கள், நூற்பார்கள், சாயம் காய்ச்சுவார்கள்; முடிந்த கம்பளத்தை ஆணின் பெயரில் ஊர் வியாபாரி ஒருவர் வாங்கி, அதைத் தன் கடையின் பெயரில் விற்பார். செனைதாவின் வயதுக்காரிகள்தான் தறியில் ஏறினார்கள். ஏறிய பிறகும் வியாபாரி மாறவில்லை. கடைசியில் ஆறு பெண்கள் சேர்ந்து, இனி அவருக்குக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஆளுக்கொரு கம்பளம் நெய்தார்கள். ஆறையும் சுருட்டிக்கொண்டு, வசந்தகாலக் கைவினைச் சந்தைக்கென்று செனைதா பலெர்மோவுக்கு விமானம் ஏறினாள்.

சந்தை மூன்று நாளில் முடிந்துவிட்டது. வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். ஆறும் அப்படியே இருந்தன. மீதி நாட்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று தேவாலயப் பங்குச் சுவாமி பூசை முடிவில் கேட்டபோது கை தூக்கியவள் கிளறா. இரக்கத்தால் அல்ல. போர்கோ வெக்கியோப் பகுதியில் அவளுடைய தையல் கடை பாதி வெறுமையாகத்தான் கிடந்தது. ஜாக்கெட்டில் சிப் மாற்றுவது, காற்சட்டைக் கால் மடித்துத் தைப்பது, இதுதான் தொழில். பழையதைத் தைப்பதைவிடப் புதிதாக வாங்குவது மலிவு என்று ஊரே கண்டுபிடித்துவிட்டிருந்தது. இரண்டு வீடு துடைக்கப் போனால் இதைவிடப் பரவாயில்லை என்று அவள் யோசிக்கத் தொடங்கியிருந்த நேரம்.

செனைதா சன்னலோரம் ஒரு சிறு தறியைப் பூட்டி உட்கார்ந்தாள். அவ்வளவுதான். தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். பார்த்தவர்கள் உள்ளே வந்தார்கள். உள்ளே வந்தவர்களுக்கு வீட்டில் கிடக்கும் சிப் அறுந்த ஜாக்கெட்டுகள் நினைவுக்கு வந்தன. மூன்று கிழமையில் கிளறாவுக்குக் குவிந்த வேலையை முடிக்க, அரைநாள் உதவிக்கு வந்துகொண்டிருந்த அனிற்றாவை முழுநாள் வரச்சொல்ல வேண்டியிருந்தது. அனிற்றா இங்கேயே பிறந்தவள், தாய் தகப்பன் ஊரில் தீவுப்பக்கத்து ஆட்கள். செனைதாவை அவள் 'மெக்சிக்கோ அக்கா' என்பாள்.

நன்றி சொல்லக் கிளறாவுக்கு வராது. காலையில் இரண்டு முட்டை கூடப் பொரித்து வைப்பாள். ஒவ்வொரு கம்பளத்தின் பின்பக்கத்திலும் இரண்டு துணிப்பட்டி தைத்துக் கொடுத்தாள்: ஒன்றில் நெய்தவளின் பெயர், மற்றதில் 'பூச்சிச் சாயம்' என்று இத்தாலியனில். அன்று காலை செனைதா வெளியே போயிருந்தபோது, கம்பளத்துக்குக் காற்றுப் படட்டும் என்று வாசலில் தொங்கவிட்டதும் அந்த நன்றியில்தான்.

பின்னேரம் நாலு மணிக்கு சிஞ்ஞோரா பெல்லாவியா என்ற சீமாட்டி வருவதாக இருந்தது. பொலிதேயாமா நாடகசாலைப் பக்கம் வீட்டு அலங்காரக் கடை வைத்திருப்பவள். பிடித்தால் ஆறையும் எடுப்பாள், இனிமேல் வருடந்தோறும் அந்தப் பெண்களிடமே நேராக எடுப்பாள். பிடிக்காவிட்டால் செனைதா ஆறையும் திரும்பச் சுமந்துகொண்டு போய் அதே வியாபாரியின் வாசலில் நிற்க வேண்டும். அவர் சிரிப்பார் என்று செனைதா சொல்லியிருந்தாள். "விலையைக் குறைச்சாலும் பறவாயில்லை. அந்தச் சிரிப்பைத்தான் தாங்கேலாது." அவள் இத்தாலியனும் ஸ்பானியமும் கலந்து பேசுவது கிளறாவின் காதில் தமிழாகவே விழும்.

பன்னிரண்டு மணிக்குக் கம்பளம் காய்ந்தது. அனிற்றாதான் முதலில் கண்டாள்.

"அக்கா, இஞ்சை வாங்கோ. உது என்ன நிறம்?"

மூலையில் ஒரு கையகலம் செம்மஞ்சளாக நின்றது. மற்ற இடமெல்லாம் நல்ல இரத்தச் சிவப்பு. எலுமிச்சம்பழத் தோல் போய்வந்த தடம்கூட வட்டம் வட்டமாகத் தெரிந்தது.

கிளறா சவர்க்காரம் போட்டுப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். நிறம் அசையவில்லை.

"மீ! மூண்டு மாசம் நெய்த சாமான்," என்றாள் அனிற்றா, பலெர்மோக்காரர் திகைக்கும் சொல்லோடு. "அக்கா, மடிச்சு வைப்பம். அந்த மூலையை அடிக்கு விட்டா சிஞ்ஞோராவுக்குத் தெரியாது. பிறகு மெக்சிக்கோ அக்கா கேட்டா, தொத்தோதான் ஊத்தினவன் எண்டு சொல்லுங்கோ. பொய்யில்லைத்தானே?"

"பாதி பொய்."

"பாதி உண்மையும்தான். அமுனீ, வாங்கோ, மடியுங்கோ."

கிளறா மடித்தாள். மடித்துவிட்டு அதன் மேல் கையை வைத்தபடி நின்றாள். வந்த புதிதில், விக்கிரகம்போல் வைத்திருந்த ஒரு கோப்பையை, தான் துடைக்கப் போன ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் உடைத்திருக்கிறாள். துண்டுகளைக் கடதாசியில் சுற்றித் தன் பைக்குள் வைத்தாள். வாசலில் வைத்துப் பை கிழிந்தது. கோப்பைக்காக அவளை வேலையால் நிறுத்தவில்லை. பைக்குள் வைத்ததற்காக நிறுத்தினார்கள். அது நியாயம்தான் என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும்.

மடிப்பை எடுத்தாள். கறை மேலே தெரிய விரித்தாள்.

"உங்களுக்கு விசர்," என்றாள் அனிற்றா.

ஒரு மணிக்கு செனைதா பல்லரோச் சந்தையில் வாங்கிய தக்காளியும் வெங்காயமுமாக வந்தாள். சின்ன உருவம், இரட்டைப் பின்னல், நடக்கும்போது சத்தமே வராது. கிளறா அவள் பையைக்கூட இறக்க விடவில்லை.

"செனைதா, நான் ஒரு பிழை செய்திட்டன். மீன் தண்ணி பட்டது. நான் தேசிக்காய் போட்டுத் தேய்ச்சனான்."

செனைதா பார்த்தாள். அது அவளே நெய்த கம்பளம், ஆறில் பெரியது.

"எலுமிச்சையோ?"

"ஓம்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எங்கடை பழக்கம்."

"என்னைக் கேட்டிருக்கலாம். ரெலிபோன் இருக்கு. ரெண்டு நிமிசம் கேட்டிருக்கலாம்." அவள் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் கிளறாவுக்குச் சுகமாக இருந்திருக்கும். "ஊரிலை இந்தச் சாயத்துக்குக் கிட்ட எலுமிச்சை கொண்டுபோகச் சின்னப் பிள்ளையளையும் விடமாட்டம். நாகதாளிக் கள்ளியிலை இருக்கிற பூச்சி இது. காயவைச்சு அரைச்சு எடுக்கிறது. புளி பட்டா உடனை மஞ்சள் பக்கம் ஓடும்."

"திருப்ப ஏலாதோ?"

"சோடாத்தூள் போட்டா ஊதாப் பக்கம் ஓடும். நிண்ட இடத்துக்கு வராது."

தக்காளிப் பையை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு அவள் வெளியே போனாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. அனிற்றா வாயைத் திறந்தாள்.

"ஒண்டும் சொல்லாதை," என்றாள் கிளறா.

கெட்ட காலம் நேரத்துக்கு முன்னமே வரும். மூன்றேகாலுக்கே சிஞ்ஞோரா பெல்லாவியா வந்துவிட்டாள். அறுபது வயது, குட்டைத் தலைமுடி, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. நாற்காலியைக் காட்டியும் இருக்கவில்லை. நேரே கம்பளங்களிடம் போனாள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், விளிம்பை இழுத்துப் பார்த்தாள்.

"நெசவு நல்லாயிருக்கு. நிறத்தைத்தான் நான் நம்பேல்லை."

"ஏன் சிஞ்ஞோரா?"

"மூண்டு வருசத்துக்கு முன்னம் ஒருத்தன் இதே கதை சொல்லித்தான் வித்தவன். பூச்சி, மலை, பாட்டன் பூட்டன். ஒரு வீட்டிலை வெள்ளைச் சலவைக்கல்லிலை விரிச்சுத் தண்ணி பட்டுது. தரை முழுக்கச் சிவப்பு. ரசாயனம். அந்த வீட்டுக்காரி இப்பவும் என்னைத் தெருவிலை கண்டா மற்றப் பக்கம் போறாள்." அவள் பெரிய கம்பளத்துக்கு வந்தாள். கண்ணாடியைப் போட்டாள். "இது என்ன?"

அனிற்றா கிளறாவைப் பார்த்தாள். இப்போதும் தொத்தோவைச் சொல்லலாம். அவன் அங்கேதான் கணவாய் உரித்துக்கொண்டு நின்றான், கேட்டால் மறுக்கவும் மாட்டான்.

"நான் பழுதாக்கினது. நெய்த ஆளிலை பிழை இல்லை. மீன் தண்ணி பட்டதுக்கு எலுமிச்சை தேய்ச்சனான், உப்பிடி வந்திட்டுது."

சிஞ்ஞோரா குனிந்தாள். விரலால் அந்த இடத்தைத் தடவினாள். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, முழங்கால் போட்டு நிலத்தில் இருந்தே விட்டாள்.

"எலுமிச்சை பட்டு மாறினதோ?"

"ஓம்."

"ரசாயனச் சிவப்பு உப்பிடி மாறாது. என்ரை முன்னாலை செய்து காட்டுங்கோ. மற்றதுகளிலை."

மேசையில் பாதி எலுமிச்சம்பழம் இன்னும் கிடந்தது. கிளறா அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. "இல்லை சிஞ்ஞோரா. ஒருக்கா கேளாமல் செய்திட்டன். இனி அவ வந்து சொல்லட்டும்."

"எனக்கு நேரமில்லை."

"அப்ப நாளைக்கு வாங்கோ. நான் தொடமாட்டன்."

சிஞ்ஞோரா எழும்பித் தூசி தட்டினாள். போகப்போகிறாள் என்றுதான் கிளறா நினைத்தாள். ஆனால் முன்பு கிளறா காட்டிய நாற்காலியில் அவள் இப்போது இருந்தாள். "பத்து நிமிசம்."

பத்து நிமிடமும் அனிற்றா ஒரு காற்சட்டையின் ஒரே காலை மூன்று தரம் தைத்தாள்.

செனைதா வந்தபோது கையில் மருந்துக்கடைப் பை இருந்தது. சோடாத்தூள் வாங்கப் போயிருக்கிறாள், கண் சிவந்திருந்தது. சிஞ்ஞோராவைக் கண்டு வாசலிலேயே நின்றாள். கிளறா நடந்ததை மூன்று வாக்கியத்தில் சொன்னாள். கடைசியாக, "உம்மைக் கேட்டுத்தான் செய்யலாம் எண்டு சொன்னனான்," என்றாள்.

செனைதா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள்.

ஒவ்வொரு கம்பளத்தையும் புரட்டி, பின்பக்க மூலையில், சிவப்பு நூலில் ஒரே ஒரு துளி. துளி ஊறிக் கொஞ்ச நேரத்தில் மஞ்சள் பக்கம் ஓடியது, பயற்றம் பருப்பு அளவில் ஒரு புள்ளி. முதலில் எர்மெலிந்தா நெய்தது, மாறியது. அடுத்தது, மாறியது. மூன்றாவது, நாலாவது. செனைதாவின் முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது. ஊரில் இதைச் செய்து காட்டித்தான் வெளிநாட்டுக்காரருக்கு விற்பார்கள் என்று சொல்லி, அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஐந்தாவது இசௌராவின் கம்பளம். துளி விழுந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த சிவப்பு நனைந்த சிவப்பாகவே இருந்தது.

செனைதா இன்னொரு துளி விட்டாள். பிறகு பிழிந்தே விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

சிஞ்ஞோரா தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள்.

"கிளறா, கத்திரிக்கோல்," என்றாள் செனைதா.

எதற்கென்று கிளறாவுக்கு விளங்கிவிட்டது. "தாரும், நானே பிரிக்கிறன். என்ரை தையல், நீர் வெட்டினா துணியும் போம்." அவள் தையற்கூரால் 'பூச்சிச் சாயம்' என்ற பட்டியை மட்டும் நூல் நூலாகப் பிரித்து எடுத்தாள். இசௌராவின் பெயர்ப் பட்டியைத் தொடவில்லை. செனைதா அந்தக் கம்பளத்தைச் சுருட்டி, மற்றவற்றில் இருந்து விலக்கிக் கதவோரம் சாத்தினாள்.

"அது நல்ல கம்பளி, நல்ல நெசவு," என்று சிஞ்ஞோராவிடம் சொன்னாள். "பூச்சி இல்லை. உங்களுக்கு இல்லை."

"உங்களுக்கு முன்னமே தெரியுமோ?"

"இல்லை. நாங்கள் அவரவர் வீட்டு முற்றத்திலைதான் சாயம் காய்ச்சுறது. ஒருத்தியின்ரை சட்டியை மற்றவள் எட்டிப் பாக்கிறதில்லை, அது மரியாதை இல்லை." அவள் கதவோரச் சுருளைப் பார்த்தாள். "அவளுக்கு மூண்டு பிள்ளையள். பூச்சி விலை கூட. ஆனா கேப்பன்."

சிஞ்ஞோரா கைப்பையைத் திறந்தாள், மூடினாள். கிளறாவுக்கு வாய் நமைத்தது. மூன்று வருடத்துக்கு முன்னம் ஏமாற்றி விற்றவன் தன் கையாலேயே ஒன்றை எடுத்து ஓரம் வைத்தானா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. சிஞ்ஞோராவுக்குக் கண் இருக்கிறது, கண்ணாடியும் இருக்கிறது.

"நாலு எடுக்கிறன்," என்றாள் சிஞ்ஞோரா கடைசியில். "மூலை பழுதானது வேண்டாம், பழுது பழுதுதான். ஒக்தோபரிலை பன்னிரண்டு. ஆனா ஒவ்வொண்டிலையும் பின்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு நூலை வெளியாலை விட்டு வையுங்கோ. நான் வாடிக்கையாளருக்கு முன்னாலையே எலுமிச்சை தொட்டுக் காட்டோணும்." எழும்பிக் கதவு வரை போய் நின்றாள். "இண்டைக்கு ஆறு மணிக்கு முன்னம் கடைக்குக் கொண்டுவந்து தந்தா நல்லது. சன்னலிலை போடப்போறன்."

அவள் தலை தெருமுனையில் மறைந்ததும் அனிற்றா மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். "பன்னிரண்டு! மெக்சிக்கோ அக்கா, பன்னிரண்டு!"

செனைதா கூத்தாடவில்லை. தொலைபேசியை எடுத்துக்கொண்டு தறிக்குப் பின்னால் போனாள். ஒஹாக்காவில் இப்போது காலை நேரம். கிளறாவுக்கு சப்போத்தெக்கில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் திட்டு எந்த மொழியிலும் விளங்கும். அவள் அதற்குக் காதைத் தீட்டிக்கொண்டு, பழுதான கம்பளத்தை மடித்தபடி நின்றாள். செனைதா ஏதோ கேட்டாள். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுமுனையில் யாரோ அழுவது தறியைத் தாண்டியும் கேட்டது. செனைதா மெல்லப் பேசினாள், நடுவில் 'லிமோன்' என்றாள். அழுகை நின்றது. பிறகு மறுமுனையில் சிரிப்பு, மூக்குறிஞ்சலோடு சேர்ந்த சிரிப்பு.

தொலைபேசியை வைத்துவிட்டு வந்தாள்.

"இசௌராவோ?" என்றாள் கிளறா.

"ஓம். கடைசிச் சட்டிக்குப் பூச்சி காணாமல் போச்சாம். சொல்ல வெக்கமாம். என்ரை முகத்திலை முழிக்கமாட்டன் எண்டு அழுகிறாள்."

"நீர் என்ன சொன்னீர்?"

"உது பெரிசில்லை, இஞ்சை ஒருத்தி என்ரை கம்பளத்தை மீன் எண்டு நினைச்சு எலுமிச்சை பிழிஞ்சவள் எண்டு சொன்னனான்."

அனிற்றா வெடித்துச் சிரித்தாள். கிளறாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. முகம் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

"அவள் கேக்கிறாள், அந்த மனுசியை என்ன செய்தனீர் எண்டு," என்றாள் செனைதா. சோடாத்தூள் பையை அலுமாரியில் வைத்தாள், தக்காளிப் பையை நிலத்திலிருந்து எடுத்தாள். "ஒக்தோபரிலையும் அந்த மனுசியோடைதான் நிப்பன் எண்டு சொல்லிப்போட்டன். இடம் இருக்குமோ இல்லையோ?"

கிளறாவுக்கு அப்போது இரண்டு பேருக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. கடவுள் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கக்கூடியவர். ஆகவே அவள் செனைதாவின் பக்கம் திரும்பி, முட்டை பொரிக்காமல், பட்டி தைக்காமல், வாயைத் திறந்து சொன்னாள்: "செனைதா, உமக்கு நன்றி. கடைக்கும் சேர்த்து. இண்டைக்கும் சேர்த்து."

செனைதாவுக்குக் கூச்சமாகிவிட்டது. கன்னம் கறுத்துச் சிவந்தது.

"சரி, சரி. மணி நாலரை," என்றாள். இரண்டு சுருளைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு, மற்ற இரண்டையும் கிளறாவின் கையில் தள்ளினாள். "இதைப் பிடியும். மீன்கடைப் பக்கத்தாலை போகாதையும். சுத்தி வருவம்."

இருவரும் மற்றப் பக்கத்தால் பொலிதேயாமாவை நோக்கி நடந்தார்கள்.